எட்டு இருபதுக்கு நின்றுபோன மருந்துப் பெட்டி

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, நான்கையும் வளர்த்து ஆளாக்கினேன். அது போக, டெல்லி சாணக்யபுரியில் தூதரகக்காரர் வீடுகளில் முப்பத்தோரு வருஷம் சமையல் வேலை பார்த்ததில், அடுத்தவர் பெற்ற பிள்ளைகள் ஐந்து பேருக்கும் என் கையால்தான் சாப்பாடு. ஒரு பிள்ளைக்கும் என் சமையலால் வயிறு கெட்டதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், போன மாதம் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த சீட்டில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நோயாளி கருவியைத் தவறாக இயக்கியதால் வந்த கோளாறு என்று அந்த வரிக்கு அர்த்தமாம். மகன் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னான்.

எழுபத்து நான்கு வருஷத்துக்கு ஒரு வரி. அதுவும் நான் செய்த தப்பைப் பற்றி.

அந்த வரியை நான் அழிக்க முடியாது. அதன் பக்கத்தில் வைக்க எனக்கும் ஒரு காகிதம் வேண்டும். அதனால் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழில் ஜெபப் புத்தகத்தை விரல் வைத்து வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இங்கிலீஷில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் தெரியும், சைபர் தெரியும். எழுத்து தெரியாது. ஆனால் வாரம் தவறாமல் பூசைக்குப் போய்ப் புத்தகத் தமிழைக் கேட்டே வளர்ந்த காது இது. என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நான் இருப்பது கரோல் பாகில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. கீழே வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மா. அவரும் தனி, நானும் தனி. கடைசி மகன் நொய்டாவில் பதினான்காவது மாடியில் இருக்கிறான். மற்ற மூன்றும் தூரத்தில். மருமகள் நல்லவள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவள் சமையலறைக்குள் நான் கால் வைத்தால் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். 'நீங்க செய்ங்க அத்தை' என்பாள். நான் 'இல்லம்மா, நீ செய்' என்பேன். அடுப்பில் வெங்காயம் கருகும். எனக்கு என் அடுப்பு வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருஷம். அதில் பதினாறு வருஷம் நானே என் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு வேளை தவறியதில்லை, ஒரு கோடு கூடக் குறைய ஏற்றியதில்லை. ஆனாலும் போன வருஷம் மூன்று தடவை சர்க்கரை இறங்கி விழுந்தேன். ஒரு தடவை சரோஜினி நகர் மார்க்கெட்டில், ஸ்வெட்டர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே. கடைக்காரப் பையா ஓடிப்போய் ஜலேபி வாங்கி வந்து வாயில் திணித்தானாம். அந்த ஸ்வெட்டரை நான் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டான், அது வேறு விஷயம்.

டாக்டர் சொன்னது இது. காலையில் ஊசி வழியாக மொத்தமாக உள்ளே போகிற மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. நான் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது நாள் முழுக்கத் தன் வேலையைச் செய்யும். இந்த வயதில், தனியாக இருக்கிற வீட்டில், அது ஆபத்து. ஒன்று, கூடவே ஆள் வேண்டும். இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டும்.

வெளியே வந்ததும் மகன் சொன்னான். "யம்மா, கேட்டேல்லா? ஒண்ணு நொய்டாவுக்கு வந்துரு. இல்லன்னா பம்ப்."

"பம்ப் வச்சிக்கிடுதேன்," என்றேன். அது என்ன என்று எனக்குத் தெரியாது. நொய்டா என்னவென்று தெரியும்.

பம்ப் என்கிற பெட்டியோடு, அதைக் கற்றுக்கொடுக்க ஒரு பெண்ணும் வந்தாள். என் பேத்தியைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள் பேசியதெல்லாம் இந்தி. என்னை 'அம்மாஜி' என்று கூப்பிட்டாள். பெட்டி சின்ன சோப்புக் கட்டி அளவு. உள்ளே ஒரு குட்டிக் குழாயில் மருந்து. ஒரு மோட்டார் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். சேமியாவைப் போல ஒரு மெல்லிய டியூப் பெட்டியிலிருந்து வயிற்றுக்கு வரும். வயிற்றில் ஒரு ஸ்டிக்கர். ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும், மிருதுவான ஒரு குழல் மட்டும் தோலுக்குள் தங்கும். மூன்று நாளைக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட வேண்டும், அதுவும் வேறு இடத்தில்.

இது எல்லாம் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஏற்றக் கூடாது, சில்லென்று இருந்தால் குமிழி வரும் என்றாள். மாவு பிசைகிற வெண்ணெயைக்கூட நான் அப்படித்தான் வெளியே எடுத்து வைப்பேன். குமிழி வந்தால் நகத்தால் தட்டி மேலே ஏற்ற வேண்டும். டியூப் நுனியில் ஒரு சொட்டு தெரிந்த பிறகுதான் உடம்பில் மாட்ட வேண்டும். நான் செய்ததைப் பார்த்து அவளே, "அம்மாஜி, உங்கள் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை" என்றாள். நடுங்காது. வெள்ளைக்காரர் வீட்டுக் கல்யாணக் கேக்கில் ரோஜாப்பூ பிழிந்த கை.

அந்தப் பெட்டி வேலை செய்கிற விதமும் எனக்குப் புரிந்தது. இரண்டு விதமாக மருந்து விடும். ஒன்று, ராத்திரி பகலென்று இல்லாமல் துளித் துளியாக. கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி. மற்றது சாப்பாட்டுக்கு. அதற்குத் தீயைக் கூட்டுவது மாதிரி அதிகம் விட வேண்டும். ஆனால் கூட்டுவது பெட்டி இல்லை, நான். நான் சாப்பிட்டேனா, என்ன சாப்பிட்டேன் என்று பெட்டிக்குத் தெரியாது. ஒவ்வொரு வேளையும் நான்தான் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் 'மிஷின் வச்சாச்சு, இனி கவலை இல்லை' என்றார்கள். முன்பு நாளைக்கு இரண்டு தடவை நினைத்தால் போதும் என்று இருந்த நோய், பெட்டி வந்த பிறகு மூச்சுக்கு மூச்சு நினைக்கிற நோயாகிவிட்டது.

அதோடு இன்னொன்று. ஊசி மருந்து உடம்பில் நாள் முழுக்க நிற்கும் என்றேனே, பெட்டி மருந்து அப்படி இல்லை. டியூப் அடைத்தாலோ, பெட்டி நின்றாலோ, சில மணி நேரத்தில் உடம்பில் மருந்தே இருக்காது. அதனால் பழைய ஊசியும் மருந்தும் எப்போதும் கையருகில் இருக்க வேண்டும் என்று டாக்டர் அளவு குறித்துக் கொடுத்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கில்தான் முதல் சண்டை. அந்தப் பெண் ஒரு படம் போட்ட அட்டை கொடுத்தாள். ரொட்டி, பராத்தா, ராஜ்மா, சோலே, ஒரு கிண்ணம் சாதம். இட்லி, புட்டு, இடியாப்பம் ஒன்றையும் காணோம்.

"அம்மாஜி, காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?"

"மூன்று இட்லி."

"ஒரு இட்லியில் எத்தனை கிராம்?"

கேட்கத்தானே காத்திருந்தேன். எழுந்து போய்த் தராசை எடுத்து வந்தேன். கடைசியாக வேலை பார்த்த வீட்டு அம்மா போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன தராசு. இட்லியை வைத்தேன். "ஐம்பது கிராம். என் இட்லி எப்போது வைத்தாலும் ஐம்பதுதான். மூன்றுக்கு நூற்று ஐம்பது."

அவள் சிரித்துவிட்டாள். "அய்யோ அம்மாஜி! அது இட்லியின் எடை. எனக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் மாவுச்சத்து. ஒரு இட்லிக்குப் பன்னிரண்டு கிராம் இருக்கலாம்."

"மீதி முப்பத்தெட்டு என்ன?"

"தண்ணீர், அப்புறம்... தண்ணீர்தான்."

"நான் தண்ணீரையா வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்?"

அவள் சிரித்ததற்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவள் சொன்னதும் உண்மை. நூற்று ஐம்பது என்று கணக்குப் போட்டு மருந்து விட்டிருந்தால் அன்றைக்கே ஆள் காலி. என் உடம்புக்குப் பத்து கிராமுக்கு ஒரு யூனிட் என்று டாக்டர் வைத்திருந்தார். மூன்று இட்லிக்கு நான்கு யூனிட் என்று முடிந்தது. ஒரு வாரத்துக்குள் புட்டு, இடியாப்பம், உளுந்தங்கஞ்சி எல்லாவற்றுக்கும் அளவு பிடித்து மனப்பாடம் செய்துவிட்டேன். எடை போடத் தெரிந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

பெரிதாக இருந்தது திரை. அது இங்கிலீஷில்தான் பேசும்.

"இதுக்குத் தமிழ் தெரியாதா?" என்று மகனைக் கேட்டேன். அந்தப் பெண் பெட்டிக்குள் எங்கேயோ போய் மொழிகளின் பட்டியலைத் திறந்து காட்டினாள். மகன் ஒவ்வொன்றாக வாசித்தான். வாசிக்க வாசிக்க நான் விரலை மடக்கினேன். முதல் வீட்டுக்காரர் மொழி இருந்தது. இரண்டாம் வீட்டுக்காரர் மொழி இருந்தது. ஆறு வருஷம் மீனை வேகவைக்காமல் தின்றவர்களின் மொழி இருந்தது. நான் ஆக்கிப்போட்டவர்கள் எல்லோருடைய மொழியும் அந்தச் சோப்புக் கட்டிக்குள் இருந்தது. தமிழ் இல்லை. இந்திகூட இல்லை.

"யம்மா, கம்பெனிக்காரன் விக்கிற ஊருக்குத்தான் மொழி போடுவான்."

"இங்க வித்திருக்கானே, இது ஊரு இல்லியால?"

அவன் பட்டியலை மூடச் சொன்னான். அந்தப் பெண் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

சரி, திரை பேசாவிட்டால் என்ன, விரல் பேசும் என்று இருந்துவிட்டேன். பெட்டியில் மூன்று பொத்தான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. நடுப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் சாப்பாட்டு மருந்துக்குப் போகும். மேல் பொத்தானை எத்தனை தடவை அழுத்துகிறோமோ அத்தனை யூனிட். பிறகு நடுப் பொத்தான் மறுபடியும் இரண்டு தடவை. பெட்டி 'ட்ர்ர்' என்று துடிக்கும். வேலை முடிந்தது. இரண்டு, நான்கு, இரண்டு. ஜெபமாலை உருட்டுகிறவளுக்கு எண்ணிக்கை தப்புமா? மகன் ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அச்சா, சரியாத்தான் செய்யுத" என்று போய்விட்டான். எப்படிச் செய்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதும் ஒரு வேதனை. அதற்குக் கொடுத்த கொக்கி, பேண்ட் போட்டு பெல்ட் கட்டுகிறவர்களுக்கு. சேலைக் கொசுவத்தில் மாட்டினால் குனியும்போது வழுக்கிக் குழம்புச் சட்டிக்கு நேரே தொங்குகிறது. கடைசியில் கம்பளித் துணியில் ஒரு பை தைத்து, கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியம் போட்டிருக்கிற மாதிரி கயிற்றில் கட்டி ஜாக்கெட்டுக்கு உள்ளே விட்டுக்கொண்டேன். மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே சால்வை. டெல்லிக் குளிரில் ஒவ்வொரு வேளையும் இதையெல்லாம் விலக்கி யார் வெளியே எடுப்பது? சால்வைக்குள் கையை விட்டு, பார்க்காமலே அழுத்துவேன். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை. விரலில் குத்திப் பார்த்தேன், நூற்று இருபத்தெட்டு. நல்ல எண். இட்லி இறக்கினேன். பக்கத்து அடுப்பில் பருப்புக் குக்கர் விசில் மேல் விசில் அடித்தது. சால்வைக்குள் கையை விட்டேன். இரண்டு, நான்கு, இரண்டு. ட்ர்ர். உட்கார்ந்து மூன்று இட்லியும் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுப் பாத்திரம் கழுவும்போது பெட்டி கூவியது. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். மருந்து குறைகிற நேரத்தில் அது கூவும். முந்தின வாரம் அப்படிக் கூவியபோது மகன் போனில், "மருந்து குறையுதுன்னு சொல்லுதும்மா. இன்னும் ஒரு நாளைக்கு வரும், பதறாத" என்று சொன்னான். மறுநாள் ஞாயிறு, மாற்றுகிற நாள். கணக்குச் சரியாக இருந்தது. கூவட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூவியது. மறுபடியும். "ஒனக்கு வேற வேலை இல்ல" என்று அதன் மேல் சால்வையை இழுத்துப் போர்த்தினேன்.

பத்தரைக்குத் தாகம் எடுத்தது. பன்னிரண்டுக்கு வயிறு புரட்டியது. வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்தேன். சோறு இறங்காது என்று தோன்றியதால் மத்தியானம் சாப்பிடவில்லை, சாப்பிடாததால் பெட்டியைத் தொடவும் இல்லை. வெயில் காயலாம் என்று மாடிக்குப் போய்க் கட்டிலில் படுத்தேன். அப்போதே விரலில் குத்திப் பார்த்திருக்க வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. காலையில் நல்ல எண் பார்த்தவள், நாலு யூனிட் விட்டவள், எதற்குச் சந்தேகப்படுவாள்?

மூன்று மணிக்குத் துணி எடுக்க வந்த வீட்டுக்கார அம்மா, நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்திருப்பதைப் பார்த்து அலறினார். "ஹாய் ரப்பா! பெஹன்ஜி, சுகர் இறங்கிவிட்டது!" ஓடிப்போய் ஒரு பெரிய டம்ளர் நிறைய சர்க்கரைக் கரைசலோடு வந்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் தாடையைப் பிடித்து அழுத்துகிறார். அந்தக் கைக்கு எத்தனை பலம்! நல்ல எண்ணம்தான், ஆனால் கொன்றிருப்பார். இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். எனக்கு நாக்கு பலகை மாதிரி காய்ந்திருந்தது. இது ஏற்றம். டம்ளரைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக் கீழே இறங்கி, விரலில் குத்தினேன். நானூற்று முப்பத்தெட்டு.

நான் அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பழைய ஊசியில், டாக்டர் அவசரத்துக்கென்று குறித்துக் கொடுத்த அளவை ஏற்றி, பதினாறு வருஷம் போட்ட மாதிரியே வயிற்றில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன். வீட்டுக்கார அம்மா மகனுக்குப் போன் போட்டார்.

மெட்ரோ பிடித்து ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டான். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கழுத்துக் கயிற்றை இழுத்துப் பெட்டியைப் பார்த்தான்.

"யம்மா, என்ன செஞ்சு வச்சிருக்க? இது நின்னுபோய்க் கெடக்கு. காலைல எட்டு இருபதுலேர்ந்து ஒரு சொட்டு போகல!"

"நான் எண்ணித்தாம்ல அமுக்குனேன். ரெண்டு, நாலு, ரெண்டு."

"எண்ணியா?" அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீ வாசிக்கவே இல்லியா?"

"வாசிக்கத் தெரிஞ்சா நான் எதுக்குல எண்ணுதேன்?"

பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தபடி, பெட்டியைக் கற்றுக்கொடுத்த பெண்ணை வரச்சொல்லிக் கேட்டுத்தான் நடந்தது என்னவென்று தெரிந்துகொண்டேன். மருந்து குறைகிறது என்ற அறிவிப்பு, குக்கர் விசிலடித்த அந்த நேரத்தில்தான் திரையில் வந்து நின்றிருக்கிறது. என் நடுப் பொத்தானின் முதல் அழுத்து அந்த அறிவிப்பை விலக்குவதில் செலவாகிவிட்டது. இரண்டாவது அழுத்து பட்டியலைத் திறந்தது, அதோடு நின்றது. நான் யூனிட் என்று நினைத்து மேலே அழுத்திய நான்கு அழுத்தும் பட்டியலில் நான்கு படி ஏறி, 'நிறுத்து' என்பதில் போய் நின்றிருக்கிறது. அடுத்த அழுத்தில் அது 'நிறுத்தவா?' என்று கேட்டிருக்கிறது. கடைசி அழுத்தில் நான் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கிறேன். ட்ர்ர். அதன் பிறகு நாள் முழுக்கக் கூவியது, நின்றுவிட்டேன், நின்றுவிட்டேன் என்று. நான் சால்வையைப் போர்த்தினேன்.

ஒரே ஒரு அழுத்து. என் எண்ணிக்கை தப்பவில்லை. பெட்டி நடுவில் ஒரு பேச்சைப் பேசிவிட்டது, அது எனக்கு மட்டும் கேட்கவில்லை.

இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். வெளியே அனுப்பும்போது டாக்டர் என் கையைத் தொட்டு, அந்த ஊசியை மட்டும் அப்போது போட்டிருக்காவிட்டால் நிலைமை வேறு மாதிரி போயிருக்கும் என்று சொன்னார். மகன் பக்கத்திலேயே நின்றான், அவனும் கேட்டான். ஆனால் அக்காமார் இரண்டு பேருக்கும் அண்ணனுக்கும் போன் செய்து சொன்னபோது, 'அம்மா பம்பை நிறுத்திட்டாங்க' என்பதை மட்டும்தான் சொன்னான். அந்தச் சீட்டிலும் ஊசியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தப்பான அழுத்து எழுத்தில் இருக்கிறது. சரியான ஊசி காற்றோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்தான். "போதும்மா. நேரா நொய்டாதான். துணிமணி பொறவு எடுத்துக்கிடலாம்."

"எனக்கு என்ன செய்யத் தெரியலன்னு சொல்லு. மருந்து ஏத்தத் தெரியலியா? அளவு தெரியலியா?"

"வாசிக்கத் தெரியலம்மா."

"அப்போ வாசிக்கக் கத்துக்கிடுதேன்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதானே இந்தப் பெட்டியக் கட்டிவிட்ட?"

பேத்தி அதுவரை ஆட்டோ பிடிக்கப் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். டெல்லியில் பிறந்தவள், கல்லூரி போகிறவள். அவள் அப்பா பிடிவாதமாக எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்ததால் தமிழ் எழுதுவாள், மெதுவாக. தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பப்பா, ஏக் மினிட். ஆச்சி ஒவ்வொரு டைமும் பிரெஸ் பண்றதுக்கு முன்னாடி எனக்குக் கால் பண்ணட்டும். ஸ்க்ரீன்ல என்ன இருக்கோ அதைச் சொல்லட்டும். நான் ஓகே சொன்னாதான் பிரெஸ் பண்ணணும்."

"எழுத்தே தெரியாம எப்படிச் சொல்லுவாங்க?"

"ஷேப் சொல்லட்டும்."

மகன் ஒரு மாதம் தவணை கொடுத்தான். ஒரு மாதத்தில் ஒரு தடவை பிசகினாலும் நொய்டா.

அந்த ஒரு மாதத்தை நான் மறக்கமாட்டேன். முப்பத்தோரு வருஷம் எந்தக் கிச்சனிலும் யாரிடமும் அனுமதி கேட்காதவள், மூன்று இட்லி தின்பதற்குப் போன் போட்டு நின்றேன். மூக்குக்கண்ணாடி, சால்வைக்கு வெளியே எடுத்த பெட்டி, ஆறிக்கொண்டிருக்கும் இட்லி.

"முதல் எழுத்து பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கு."

"எஸ். அடுத்தது?"

"சின்னக் கிண்ணம், மூடி இல்லாதது."

"யூ. ருக்கோ ஆச்சி, ருக்கோ! நில்லுங்க, எதையும் தொடாதீங்க!"

அது, என்னைச் சோதிக்க ஒரு நாள் அவளே போனில் வழி சொல்லி 'நிறுத்து' வரைக்கும் கொண்டுபோன திரை; இங்கிலீஷில் அதற்கு 'சஸ்பெண்ட்' என்று பேராம். பாம்பும் கிண்ணமும் சேர்ந்து வந்தால் அது பெட்டியை நிறுத்துகிற இடம் என்று மனதில் ஏறியது. மற்றபடி எரிச்சல்தான். அவள் வகுப்பில் இருந்தால் போனை எடுக்கமாட்டாள், என் சோறு காயும். எடுத்தால் பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். ஒரு நாள் ஒருத்தி, "யார், ஆச்சியா? இன்றைக்கு மெனு என்ன?" என்று இந்தியில் கேட்டாள். "ஒன் தலை" என்று தமிழில் சொன்னேன். பேத்தி அதை மொழிபெயர்க்கவில்லை.

இருபதாம் நாள் வாக்கில் அவள் ஓகே சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. எழுத்தாக இல்லை, முகமாக. எதிர்வீட்டு ஆளைத் தூரத்திலிருந்தே நடையில் கண்டுகொள்கிற மாதிரி. சாப்பாட்டு மருந்தின் முகம், மருந்து குறைகிற முகம், நிறுத்துகிற முகம், பாட்டரி முகம். ஏழு முகம் போதும், அந்தப் பெட்டியோடு காலம் தள்ள. அந்த ஏழையும் எனக்கு முதல் நாளே யாராவது காட்டியிருக்கலாம். மகன் வாசித்துவிட்டுப் போனான், அந்தப் பெண் வாசித்துவிட்டுப் போனாள். 'அம்மாஜிக்கு வாசிக்க வருமா' என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் வராது என்று சொல்ல வாய் வரவில்லை. என் பங்கு தப்பு அதுதான், வேறு இல்லை. சீட்டில் எழுதுவதென்றால் அதை எழுதட்டும்.

நேற்று மாதம் முடிந்தது. மகன் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான், பரீட்சைக்கு வந்த வாத்தியார் மாதிரி. நான் மருந்து ஏற்றி, குமிழி தட்டி, நுனியில் சொட்டுப் பார்த்து, புது இடத்தில் மாட்டினேன். இடியாப்பம் மூன்று என்று யூனிட் சொன்னேன். பெட்டியைக் கையில் எடுத்தால், திரையில் ஒரு அறிவிப்பு நின்றது. பாட்டரி முகம். அழுத்தாமல் நின்றேன்.

"என்னம்மா?"

"பாட்டரி தீருதுன்னு சொல்லுது. மொதல்ல இத விலக்கணும். பொறவுதான் மத்தது." ஒரு அழுத்து. திரை மாறியது. பார்த்தேன். பிறகு இரண்டு. பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பார்த்தேன். ட்ர்ர்.

அவன் பெட்டியை வாங்கிப் பார்த்தான். போன மருந்து, போன நேரம், எல்லாம் சரி. இடியாப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"சரி. இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

இன்னும் ஒரு மாதமாம்! என் அறை, என் அடுப்பு, என் வயிறு. மாதத்துக்கு மாதம் நீட்டிப்பு வாங்கிக்கொண்டு அதில் நான் குடியிருக்க வேண்டும். "அடுத்த மாசமும் இப்படித்தான் சொல்லுவ" என்றேன். "செய்யுத வரைக்கும் சொல்லுவேன்" என்றான், என் இடியாப்பத்தைத் தின்றுகொண்டே. மூன்றாவது தட்டு.

போகும்போது பேத்தியை இங்கேயே விட்டுவிட்டுப் போனான், லீவு என்று. எனக்குத் தெரியும், கண்காணிக்கத்தான். இருக்கட்டும். வந்தவள் சும்மா இருக்க வேண்டாம் என்று இதை எழுத வைத்தேன். இன்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் இரண்டு தடவை பெட்டியை எடுத்துப் பார்த்தேன், இரண்டு தடவையும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் என் கையைப் பார்த்துவிட்டு எழுத்துக்குத் திரும்பினாள்.

இப்போது "முடிஞ்சுதா ஆச்சி?" என்று எழுந்திருக்கப் பார்க்கிறாள்.

எங்க எந்திக்க? உக்காருட்டி. ஒரு மாசம் வேளைக்கு வேளை நான் ஒனக்கு வாசிச்சுக் காட்டினேன். இப்ப நீ எனக்கு வாசி. மேலேர்ந்து, மெதுவா. நான் சரின்னு சொன்னாத்தான் அடுத்த வரி.